சங்கத்து அகப்பக்கத்தில் எதுவும் அகப்படாமல் செய்வது எப்படி?

செந்தூலில் இருக்கிற உங்கள் சங்கத்துக்கு அகப்பக்கம் வேண்டுமென்று ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டாயிற்று. வேர்ட்பிரஸ்ஸும் ஏற்றியாயிற்று. இனிப் பதிவுகளை வகை பிரித்து, அந்த வகைகளையே மெனுவில் தொங்கவிட வேண்டியதுதான்.

வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துவிடாதீர்கள். மண்டப வாடகை எவ்வளவு, டியூஷன் எத்தனை மணிக்கு, காரை எங்கே போடுவது – இதைத்தான் கேட்பார்கள். அதற்கு மூன்று வகை வைத்துவிட்டால் செயலவைக்கு என்ன மிஞ்சும்? ஆளுக்கொரு வகை கொடுங்கள்: தலைவர் உரை, துணைத் தலைவர் உரை, மகளிர் பிரிவு, டத்தோ வருகை. மண்டப வாடகை பொருளாளர் பொறுப்பு. ஆகவே பொருளாளர், அதற்குள் அறிக்கைகள், அதற்குள் 2019 என்று போட்டு வையுங்கள். வேர்ட்பிரஸ் எத்தனை அடுக்கு கேட்டாலும் கொடுக்கும். இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் 2011-இல் 1.6 பதிப்பு வரும்வரை இரண்டே அடுக்குதான். அந்தக் காலத்துச் செயலவைகள் எப்படித்தான் சமாளித்தனவோ!

வகைப் பெயர் நீளமாக, தமிழிலேயே இருக்கட்டும். முகவரிக்கென்று குட்டிப் பெயர் எதுவும் தராதீர்கள். ‘தலைவர்’ என்ற ஒரு சொல்லே முகவரியில் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக 54 இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 200 தாண்டினால் வேர்ட்பிரஸ் கத்தரித்துவிடும். ‘முன்னாள் தலைவர்களின் பாராட்டு விழாக்கள்’ என்று வைத்துப் பாருங்கள்: பாராட்டு ‘பார’வோடு நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஏதோ வைரஸ் என்று ஆயாக்கள் அழித்துவிடுவார்கள்.

தேர்தல் முடிந்து புது அணி வந்ததும் எல்லா வகைக்கும், முகவரி உட்பட, பெயர் மாற்றுங்கள். பதிவின் முகவரி மாறினால் வேர்ட்பிரஸ் பழைய வழியில் வந்தவரைப் புது இடத்துக்குக் கூட்டிப்போகும். வகைக்கு அந்தத் தயவு கிடையாது. அழைப்பிதழில் அச்சடித்த முகவரி நேரே 404-க்குப் போகும்.

‘எப்படி வருவது’ என்று ஒரு வகையா? வேண்டவே வேண்டாம். கொமுட்டரில் ஒரு செந்தூல், எல்ஆர்டியில் ஒரு செந்தூல், அதற்கடுத்து செந்தூல் தீமோர். எதில் இறங்குவதென்று தெரியாதவர் உறுப்பினராகவே இருக்கத் தகுதியில்லாதவர்.

பதிவேற்றுவது செயலாளரின் மகன். எஸ்பிஎம் தேர்வு நேரத்தில் அவன் எந்த வகையையும் டிக் செய்யமாட்டான். அப்போது மண்டப வாடகை, டியூஷன் நேரம் எல்லாம் ‘வகைப்படுத்தப்படாதவை’ என்பதில் போய் விழும். மக்களும் அங்கேயே தேடப் பழகிவிடுவார்கள். கோபப்பட்டு அதை அழிக்கப் பார்க்காதீர்கள். வேறொன்றை இயல்பு வகையாக்கும்வரை வேர்ட்பிரஸ் விடாது, டத்தோவே வந்து சொன்னாலும்.