ஈ கம்பியும் எங்க ஊரு ஈயமும்

வாங்கப்பு, உக்காருங்க. காலை மட்டும் நீட்டாதீங்க. அந்த மூலையில சாத்தி வச்சிருக்கது என் பேரனோட பேஸ் கித்தார். அது விழுந்தா அவன் மூணு நாளைக்குச் சோறு திங்கமாட்டான். நான் விழுந்தா, தின்னுட்டு வந்து தூக்குவான்.

காலேஜுக்கு லேப்டாப் வாங்கணும்னு அப்பன்கிட்ட காசு வாங்கிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுன பய, திரும்பி வரும்போது தோள்ல ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பையோட வந்தான். அவன் அப்பன் குதிச்ச குதி இருக்கே, மேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நான்தான் குறுக்க விழுந்தேன். "ஏண்டா, நாம எந்த ஊர்க்காரய்ங்க? இந்தா இருக்க திருவாதவூர்ல பொறந்தவரு பாண்டிய ராசாவுக்கு மந்திரி. குதிரை வாங்கிட்டு வாங்கன்னு காசு குடுத்து அனுப்புனா, திருப்பெருந்துறையில கோயிலைக் கட்டிட்டு உக்காந்துட்டாரு. அந்த மண்ணுல பொறந்த பய லேப்டாப்பு காசுல கித்தார் வாங்குனது ஒரு அதிசயமா?"ன்னு கேட்டேன். மகன் அடங்கிட்டான். பேரனைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அப்பு, மாணிக்கவாசகருக்கு நரியைப் பரியாக்கிக் குடுக்க மேல ஒருத்தன் இருந்தான். உனக்கு லேப்டாப்பை மறுபடி வாங்கிக் குடுக்கக் கீழ உங்கப்பன் ஒருத்தன்தான் இருக்கான். பாத்து நடந்துக்க."

நானும் வாத்தியக்காரன்தான். நாப்பது வருசம் கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிச்சிருக்கேன். ரெண்டு நாயனம், ரெண்டு தவிலு, பம்பை, தமுக்கு. அதுல ரெண்டாந்தவிலு நான். மேளத்துக்குப் பேரே நையாண்டிங்கும்போது, மேளக்காரன் பேச்சு கொஞ்சம் இடிச்சா பொறுத்துக்கிடணும்.

ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா பேரனோட கூட்டாளிக நாலு பேரு இந்தத் திண்ணைக்கு வந்துருவாய்ங்க. ஒருத்தன் திருவிழாவுல ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறவன், பேசவே மாட்டான். ஒருத்தன் கொட்டாம்பட்டியில இருந்து வாரவன். மத்த ரெண்டு பேருகிட்ட கித்தாரே கிடையாது. அதனால ரொம்ப விவரமாப் பேசுவாய்ங்க.

பேச்சு எல்லாம் 'டோன்' பத்தித்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சா, கொசு கடிக்கிற வரைக்கும் டோன். உடம்பு ஆல்டர் மரமா ஆஷ் மரமா, கழுத்து மேப்பிளா, விரல் வைக்கிற பலகை ரோஸ்வுட்டான்னு ஒருத்தரை ஒருத்தர் மல்லுக்கு இழுப்பாய்ங்க. ரோஸ்வுட்டுன்னா என்னடான்னு கேட்டேன். போன்ல படம் காட்டுனான். அட பயபுள்ளைகளா, ஈட்டி மரம்! தோதகத்தின்னும் சொல்லுவோம். நம்ம மேற்குமலையில நிக்கிற மரத்தை உலகம் பூராவும் கித்தாருக்கு அறுத்து ஒட்டுறாய்ங்க. பண்ணையார் வீட்டுக் கட்டிலுக்கும் அதே மரந்தான், அந்தக் கட்டில்ல நான் எந்த டோனையும் கேட்டதில்லை.

சரி, தவிலுக்குப் பலா மரம்னா ஒரு ஞாயம் இருக்கு. ஒரே கட்டையைக் குடைஞ்சு, ரெண்டு பக்கமும் தோலைக் கட்டுறோம். காத்து உள்ள புகுந்து மரத்தோட பேசிட்டு வெளிய வரும். உன் கித்தார் குடையாத கட்டையாச்சே, சத்தம் எப்பிடி வருதுன்னு கேட்டேன். பேரன் பொறுமையா விளக்குனான். கம்பிக்கு அடியில 'பிக்கப்'னு ஒன்னு. காந்தத்தைச் சுத்தி, முடி மாதிரி செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தி வச்சிருக்கு. மேல இருக்க இரும்புக் கம்பி ஆடுனா காந்தம் கலைஞ்சு, செப்புக் கம்பியில துளியூண்டு கரண்டு ஓடும். அதைத்தான் பெட்டி பெருசாக்கிக் குடுக்குது. "அப்ப காந்தத்துக்குத் தெரியிறது கம்பி ஆடுறது மட்டுந்தானப்பு?"ன்னேன். "ஆமாய்யா." "அப்பறம் எதுக்குடா மூணு வாரமா மரத்துக்குச் சண்டை?" நாலு பேரும் வாயடைச்சுப் போனாய்ங்க. அடுத்த வாரத்துல இருந்து காந்தத்துக்குச் சண்டை.

கம்பி நாலு. மேல இருந்து ஈ, ஏ, டி, ஜி. ஈன்னு பேரு வச்சிருக்கது எதுக்குன்னா, இருக்கதுலயே தடியா, யானை மாதிரி உறுமுற கம்பிக்கு. நொடிக்கு 41 தடவை ஆடுதாம். அந்தச் சத்தம் உள்ளங்கை அகலத்துப் போன்ல வருமா? வராது. கொசு ரீங்காரம் மாதிரி மேல் சத்தம் மட்டுந்தான் வரும். ஆனா நாலு பேரும் போனைக் காதுல வச்சுக்கிட்டுத்தான், "ஆகா, என்னா அடி டோன்!"னு தலையாட்டுறாய்ங்க. பந்தியில எலையை மோந்து பாத்தே பாயாசத்துக்கு மார்க்குப் போடுறவய்ங்க.

அவிங்களுக்கு நான் குடுத்த முதல் யோசனை இதுதான்: டோனைப் பத்தி ஆயுசுக்கும் பேசணும்னா, கித்தாரைத் தொடவே தொடாதீங்க. வாசிச்சா ரெண்டு நிமிசத்துல விசயம் முடிஞ்சு போகும்.

போன தையில ஒரு கூத்து. பேரனோட அப்பத்தா ரசத்துக்குப் புளி கரைச்சு வச்சுட்டு அடுப்பங்கரைக்குள்ள போறா, அடுப்புல தண்ணி கொதிக்குது. தானே முந்தியே உலை வச்சுட்டோம்போலன்னு மூடியத் திறந்தா, உள்ள நாலு இரும்புக் கம்பி பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு வேகுது. "ஏய், என்னடா இது, கம்பி ரசமா?" பேரன் ஓடி வந்தான். பழைய கம்பியோட சந்து சந்துல விரல் அழுக்கும் பிசுக்கும் ஏறிருச்சாம், கொதிக்க வச்சுத் தொடைச்சுக் காயவச்சா கொஞ்ச நாளைக்குப் புதுசு மாதிரி மணியாட்டம் பேசுமாம். புதுக் கம்பி வாங்க ரெண்டாயிரத்துக்கு மேல ஆகுதுய்யான்னான். எனக்குச் சிரிப்பு வரலை. பறைத் தோலு தொய்ஞ்சா வைக்கோலைக் கொளுத்தித் தீயில காட்டுறவய்ங்க நாங்க. தீயோ தண்ணியோ, வாத்தியத்துக்கு ஒரு சூடு வேண்டித்தான் இருக்கு. அப்பத்தாவுக்குத்தான் சூடு இறங்க ரெண்டு நாளாச்சு. அந்தச் சட்டி இப்ப மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணி வைக்க.

அன்னைக்குச் சாயங்காலமே கொட்டாம்பட்டிக்காரன் எதுத்துக் கட்சி ஆடுனான். அமெரிக்காவுல டெட்ராய்ட்டுன்னு ஊராம், மோட்டவுன்னு பாட்டுக் கம்பெனியாம், அதுல ஜேம்ஸ் ஜேமர்சன்னு ஒருத்தரு. 1962-ஆம் வருசத்து பேஸ் ஒன்னை வச்சுக்கிட்டு, ஒத்த ஆள்காட்டி விரல்லயே வாசிச்சவரு. கம்பி அந்து விழுந்தா ஒழிய மாத்தவே மாட்டாராம். அழுக்குலதான் டோன் இருக்குன்னு சாதிக்கிறான் இவன். ஒருத்தன் அழுக்கை அவிக்கிறான், இன்னொருத்தன் அழுக்கைக் கும்புடுறான். "ரெண்டு பேரும் சரிதாண்டா"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டு வெத்தலையைப் போட்டேன். ஆனா அந்த ஜேமர்சன் கதையில ஒரு இடம் எனக்குச் சுருக்குன்னு தச்சது. அந்தக் கம்பெனி வாசிச்சவய்ங்க பேரைத் தட்டு அட்டையில போடவே போடாதாம். உலகம் பூராவும் அவர் வாசிச்ச பாட்டுக்கு ஆடிருக்கு, அவரு பேரு தெரியாது. 1971-ல மார்வின் கே ஆல்பத்துலதான் பேரு வந்துச்சாம். ரெண்டாந்தவில்காரன் பேரை எங்க ஊரு நோட்டீஸ்லயும் போடமாட்டாய்ங்க. 'குழுவினர்'ல நானும் ஒருத்தன்.

தவில்ல வலது பக்கம் வலந்தலை. விரல்ல கூடு மாட்டி அடிக்கிறது. படபடன்னு பேசும், சனம் அந்தக் கையைத்தான் பாக்கும். இடது பக்கம் தொப்பி. பூவரசங் குச்சியால வாங்குற அடி. உள்பக்கம் பசை கொடுத்துக் கனம் ஏத்தியிருக்கும். மிருதங்கக்காரரு தொப்பிக்கு ரவையைப் பிசைஞ்சு ஒட்டுறாருல்ல, அதே சோலிதான். தொப்பிச் சத்தத்தை எவனும் கேட்டதாச் சொல்லமாட்டான். நடு ஆட்டத்துல தொப்பியை நிப்பாட்டிப் பாரு, கரகம் ஆடுற பிள்ளைக்குக் கால் எங்க வைக்கிறதுன்னு தெரியாமப் போயிரும். ஒருதடவை வேணும்னே நிப்பாட்டிப் பாத்து, கரகாட்டக்காரம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

சினிமாப் பாட்டுலயும் அப்பிடி ஒரு தொப்பி இருக்குன்னு எனக்குப் பிந்தித்தான் தெரிஞ்சது. 1976-ல 'அன்னக்கிளி' வந்தப்ப ரேடியோ குழாயிலதான் பாட்டுக் கேட்டோம். தென்னை மரத்துல கட்டுன குழாயில கீழ்ச் சத்தம் வராது. பிந்தி பஸ்ஸுல பின் சீட்டுப் பக்கம் பெரிய பெட்டி வச்சுப் போடவும்தான், இளையராசா பாட்டுல பாடுற ஆளுக்குக் கீழ இன்னொருத்தன் தனியா ஒரு பாட்டு நடந்து போறான்னு தெரிஞ்சது. பண்ணைப்புரத்துக்காரரு, அண்ணன் பாவலர் வரதராசனோட ஊரு ஊரா மேடையேறிப் பாடுனவரு. நிலம் தெரிஞ்ச ஆளுதான் அடி மண்ணை அப்பிடிக் கிளற முடியும். பயலுக ரகுமான் பாட்டுல கீத் பீட்டர்ஸ் வாசிச்சதை எடுத்துப் போடுவாய்ங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கு, என்ன, கொஞ்சம் செருப்புப் போட்டு நடக்குது.

அதே 1976-ல அமெரிக்காவுல ஜாக்கோ பாஸ்டோரியஸ்னு ஒருத்தன் தட்டுப் போட்டானாம். பேஸ் கழுத்துல குறுக்க குறுக்கப் பதிச்சிருக்கே பிரெட்டுன்னு வெள்ளிக் கலர்ல கோடு, அதெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, பள்ளத்தை அடைச்சு, படகுக்குப் பூசுற எபாக்சியைப் பூசிட்டானாம். இப்ப விரல் வழுக்கிக்கிட்டே போகுது, சத்தம் அழுது, முனகுது. பேரன் பெட்டியில போட்டுக் காட்டுனான். கண்ணை மூடிக் கேட்டேன். "அப்பு, இது உறுமிதானடா?"ன்னேன். வளைஞ்ச குச்சியை வச்சுத் தோலைத் தேய்ச்சா வருமே, அதே இழுப்பு. பய முறைச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே திரும்பப் போட்டுக் கேட்டுட்டு, "கொஞ்சம் அப்பிடித்தான்யா இருக்கு"ன்னான்.

இப்ப ரிப்பேரு கதைக்கு வாரேன். சித்திரை வெயில்ல, தகரக் கொட்டகைக்குள்ள வச்சுட்டுப் போனான் இந்தக் கித்தாரை. வந்து எடுத்தா முதல் நாலு கட்டத்துலயும் கரகரன்னு இரையுது. அந்த நாலு கம்பியும் சேந்து கழுத்தை இழுக்குற இழுப்பு ஏறக்குறைய ஒரு நெல்லு மூட்டைப் பாரம். அதைத் தாங்க கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ட்ரஸ் ராடுன்னு. முனையில திருகு. கரகரத்தா முறுக்கணும்னு நினைச்சு இவன் முறுக்கு முறுக்குன்னு முறுக்க, கழுத்து பின்னால வளைஞ்சு கம்பி போயி பிரெட்டுல படுத்துக்கிருச்சு. தவிலுக்கு முன்னெல்லாம் தோல் வாரு, இப்ப நட்டு போல்ட்டு. எதுவானாலும் கால் சுத்துக்கு மேல ஒரே மூச்சுல திருகக்கூடாது. "எதுத்தாப்புல கால் சுத்துத் திருப்பு. நாளைக்கு வந்து பாரு. மரம் யோசிச்சுத்தான் பதில் சொல்லும்"னேன். முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் அமுக்கிப் பிடிச்சா, நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற சந்து இருக்கணுமாம். மூணாம் நாள் என் பேரு போட்ட மேளக்கார்டே நுழைஞ்சது. அந்தக் கார்டுக்கும் ஒரு சோலி கிடைச்சது.

கரகரப்புப் போச்சு, 'உம்'முங்கிற இரைச்சல் போகலை. கம்பியில கை வச்சாலும் நிக்கலை. ஒரு கடையில காட்டுனதுக்கு, பிக்கப்பையே மாத்தணும், ஆறாயிரம் ஆகும்னுட்டாய்ங்களாம். எந்தக் கடைன்னு நான் கேக்கலை, நீங்களும் கேக்காதீங்க. நான் கித்தாரைத் தூக்கிட்டு நேரா மைக்செட்டுக்காரன்கிட்டப் போனேன். பந்தல் பந்தலா ஓடி, காத்துலயும் மழையிலயும் கரண்டோட குடும்பம் நடத்துனவன் அவன். கம்பி மாட்டுற தகட்டைக் கழத்தித் தூக்குனான். அடியில தலைமயிர் கனத்துக்கு ஒரு எர்த்து வயரு, அந்து போயி சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. பிளேடால தகட்டைச் சுரண்டி பளபளப்பாக்குனான், பேஸ்ட்டைத் தடவுனான், சூட்டுக்கோலை வச்சு ஈயத்தை ஒரு சொட்டு விட்டான். பிசின் புகை குங்கிலியம் மாதிரி மணந்தது. ஊதுனான். இரைச்சல் நின்னு போச்சு. "எவ்வளவுடா?" "டீ வாங்கிக் குடுங்கண்ணே."

அன்னைக்கு ராத்திரிதான் பேரன் சொன்னான், இந்த பேஸ் கித்தாரை 1951-ல கடைக்குக் கொண்டாந்த லியோ ஃபெண்டரும் கலிபோர்னியாவுல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவராம். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாதாம். ஆள் உயரத்துக்கு நிக்க வச்சு வாசிக்கிற பெரிய பிடிலைத் தூக்கிட்டு அலைய முடியலை, கச்சேரியில கேக்கவும் மாட்டேங்குதுன்னு பாட்டுக்காரய்ங்க புலம்பவும், இப்பிடி ஒன்னைச் செஞ்சு, சுருதி பிசகாம இருக்கக் குறுக்க கோடும் பதிச்சுக் குடுத்தாராம். எனக்கு அது ஆச்சரியமா இல்லை. மைக்செட்டுக்காரன் தெரு வழியாத்தான் எல்லாப் பாட்டும் ஊருக்குள்ள வரும்.

அடுத்த ஞாயிறு நாலு பேரும் வந்தாய்ங்க. கித்தாரை வாசிச்சுப் பாத்தாய்ங்க. நாலு முகத்துலயும் ஒரே யோசனை. "டேய், டோன் மாறிருக்குடா. கீழ நல்லா இறங்குது." "எர்த்து மட்டுந்தான வச்சாய்ங்க?" "அப்ப ஈயமாத்தான்டா இருக்கும். அய்யா, அது என்ன ஈயம்னு தெரியுமா?"

நான் வெத்தலையை ஒரு பக்கம் ஒதுக்குனேன். "அது இப்ப வாரதில்லப்பு. அந்தக் காலத்து வால்வு ரேடியோவுல இருந்து உருக்கி எடுத்தது. அவன்கிட்ட ஒரு முழந்தான் மிச்சம் இருக்கும்"னேன். பேசாத ஆர்க்கெஸ்ட்ராக்காரன் மட்டும் என்னையப் பாத்துச் சிரிச்சான். மத்த மூணு பேரும் செருப்பைத் தேடுனாய்ங்க.

சாயங்காலம் மைக்செட்டுக்காரன் போன் போட்டான். "என்னண்ணே இது, பயலுக வந்து வால்வு ரேடியோ ஈயம் இருக்கான்னு உசுரை வாங்குறாய்ங்க. என்ன சொல்றது?"

"இருக்குன்னு சொல்லு. ஒரு இஞ்சு இருநூறு ரூவா. இனி டீ நீ வாங்கிக் குடு."