சுற்றமும் நட்பும் சூழ

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு என் கம்ப்யூட்டர் தானாகவே பேசியது. முழங்கால் வலி எண்ணெய் விளம்பரம். எனக்கு முழங்கால் வலி என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை.

இரண்டு பிடிஎஃப்பை ஒன்றாக ஒட்ட ஓர் இலவச மென்பொருள் இறக்கியிருந்தேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரி, நெக்ஸ்ட், ஃபினிஷ். கூட்டத்தோடு பிராகாரம் சுற்றுவது மாதிரி. நின்று கல்வெட்டா படிக்க முடியும்? இப்படி இலவசத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒட்டுண்ணிகளைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு, சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று ஒப்புக்குத்தானே போடுகிறோம்? நான் அழைத்தது பிடிஎஃப்காரரை மட்டும். கூடவே அவர் மைத்துனர் டூல்பார் வந்து பிரவுசர் நெற்றியில் பட்டையாக உட்கார்ந்தார். தேடுபொறிப் பெரியப்பா முகப்புப் பக்கத்து ஈஸிசேரைப் பிடித்துக்கொண்டார். எதைத் தேடினாலும் தனக்குத் தெரிந்த கடைக்கே கூட்டிப்போகிறார். கூப்பன் அத்தை எதை வாங்கப் போனாலும், "அங்கே பத்து ரூபா கம்மி" என்கிறாள். 'வேகப்படுத்தும்' சித்தப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்து 1,347 குறை கண்டுபிடித்தார், சரிசெய்யக் காசாம். பந்தி முடிந்து தாம்பூலப் பையும் கொடுத்தாயிற்று, அதாவது அன்இன்ஸ்டால். பிடிஎஃப்காரர் மரியாதையாகக் கிளம்பினார். மைத்துனர், "நிஜமாவே போகச் சொல்றீங்களா?" என்று அழுமூஞ்சிப் படம் காட்டினார். போனவர், ரீஸ்டார்ட் செய்ததும் டாஸ்க் ஷெட்யூலர் என்கிற கொல்லைப்புற வழியாக வந்து காபி கேட்கிறார். பெரியப்பா இன்னும் கெட்டி. பிரவுசர் ஷார்ட்கட்டின் டார்கெட் வரியில் தன் முகவரியை வாலாக ஒட்டி வைத்திருக்கிறார். செட்டிங்ஸில் எத்தனை தடவை மாற்றினாலும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

"கண்ட இடத்துல இறக்கினா இப்படித்தாம்ப்பா" என்கிறான் மகன். பெரிய இடங்கள் மட்டும் என்னவாம்? ஆரக்கிளின் ஜாவா பல வருடம் ஆஸ்க் டூல்பாரை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தது. 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், ஜிம்ப் என்ற மென்பொருளின் விண்டோஸ் பதிப்புக்கான பழைய கணக்கைத் தானே எடுத்துக்கொண்டு விளம்பரப் பொட்டலம் கட்டியது. ஊர் திட்டிய பிறகுதான் விட்டது.

சரி, வழிகள். ஒன்று, 'எக்ஸ்பிரஸ்' வேண்டாம், 'கஸ்டம்' அழுத்துங்கள். அங்கே டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். நம் கையெழுத்தை அவர்களே போட்டுவிட்டு நம்மையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். இதற்குப் பெயர் சம்மதமாம்! இரண்டு, கண்ட்ரோல் பேனலில் நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். ஒரே நாளில் ஐந்து பேர் வந்திறங்கியிருப்பது தெரியும்.

அத்தனை பேரையும் விரட்ட ஆட்வ்கிளீனர் என்ற மென்பொருளைப் போடச் சொன்னான் மகன். இலவசம் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதுமே மவுஸ் பிடித்த கை நடுங்கியது. தேடினேன். பெரியப்பா காட்டிய பக்கத்தில் ஐந்து பச்சை டவுன்லோட் பட்டன்கள், ஒன்றைவிட ஒன்று பெரிது. எதையும் தொடவில்லை. அந்த முழங்கால் எண்ணெய் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன்.

அத்தை சொன்னது சரிதான். வேறு கடையில் பத்து ரூபாய் கம்மி.