டோல்கேட்டைத் தாண்டிப் பறக்க முடியுமா?

கேள்வி: புவியீர்ப்பை முறித்து மிதக்கும் வண்டி வருமா? பொங்கல் நேரத்தில் விக்கிரவாண்டி டோல்கேட்டை மேலாகவே தாண்டிவிடலாமே!
- ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: ஆசை நியாயமானது. 1992-இல் பின்லாந்தின் தாம்பரே நகரில் பொட்கிளெட்னோவ் என்பவர், சுழலும் மீக்கடத்தித் தட்டுக்கு மேலே தொங்கிய பொருளின் எடை 0.3 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார். அது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், 60 கிலோ எடையுள்ள திண்டிவனத்துக்காரருக்குக் குறைவது 180 கிராம். டோல்கேட்டைத் தாண்ட அது போதாது!

அந்த அறிவிப்பை உரசிப் பார்த்தவர்களில் ஒருவர், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் உன்னிகிருஷ்ணன். எடை மாறியது ஈர்ப்புக்குத் தடை விழுந்ததால் அல்ல என்று 1996-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவர் இதற்குப் புதியவர் அல்லர். 1986-இல், அறியப்பட்ட நான்கு அடிப்படை விசைகளுக்கு அப்பால் ‘ஐந்தாவது விசை’ ஒன்று உண்டு என்ற பரபரப்பு கிளம்பியபோது, ராமநாத் கவுசிக் குழுவில் அவரும் இருந்தார். கர்நாடகத்தின் கவுரிபிதனூரில், நிலத்தடி ஆய்வகத்தில் மெல்லிய கம்பியில் எடையைத் தொங்கவிட்டு, அது துளியாவது முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்த குழு அது. இந்தப் பொறுமைக்குத் தனி வணக்கம் சொல்ல வேண்டும்.

ஈர்ப்பு விதியையே மாற்றிப் பார்த்தால்? இயற்பியலாளர் மில்க்ரம் 1983-இல் சொன்ன மாற்று ஈர்ப்புக் கொள்கை விண்மீன் மண்டலங்களின் சுழற்சிக்கு விளக்கம் தேடுகிறது. அதிலும் மேலே தள்ளும் விசை இல்லை.

மிச்சமிருந்த நம்பிக்கை, எதிர்ப்பொருள் மேல்நோக்கி விழுமோ என்பது. 2023-இல் செர்ன் ஆய்வகம் காந்தப் பொறியில் பிடித்து வைத்த எதிர்ஹைட்ரஜன் அணுக்களை விடுவித்தது. ஏறத்தாழ 80 சதவீதம் கீழ்ப்பக்கமாகவே வெளியேறின. மேலே போனவை, ஏற்கெனவே இருந்த வெப்ப இயக்கத்தால் போனவை.