உப்புக்காற்றும் ஹேண்ட் பிரேக்கும்

கேள்வி: தூத்துக்குடியில் பழைய காரின் ஹேண்ட் பிரேக் அடிக்கடி மக்கர் பண்ணுகிறதே, கடலுக்கும் காருக்கும் என்ன பகை?

பதில்: பகை உப்போடுதான். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு முள்ளக்காடு, ஆறுமுகநேரி என நீளும் இந்தக் கரையில். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அம்பாசடர், மாருதி 800 போன்ற கார்களில் ஹேண்ட் பிரேக் லிவரை இழுத்தால், காரின் அடியில் உறைக்குள் ஓடும் கம்பிக் கேபிள் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களை விரிக்கும். உறையின் ரப்பர் வெடித்தால் உப்பு ஈரம் உள்ளே இறங்கிவிடும். கால் பிரேக் வண்டி ஓடும்போதெல்லாம் அசைகிறது. ஹேண்ட் பிரேக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சமதரையான ஊர் என்பதால் பலர் கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அசையாமல் கிடக்கும் கேபிள் உறைக்குள்ளேயே இறுகிவிடும்.

கேள்வி: லிவர் கூரையைத் தொடுகிற மாதிரி மேலே வருகிறது, கார் மட்டும் நிற்கவில்லை. கேபிள் நட்டை முறுக்கினால் தீருமா?

பதில்: அன்றைக்குத் தீரும். அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு பரவலாக நடக்கிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அதை ஈடுகட்டத்தான் லிவர் அவ்வளவு தூரம் வருகிறது. அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டிய இடம் சக்கரம். கேபிளை முதலில் முறுக்கினால், ஷூ தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் உரசிக்கொண்டே ஓடும். டிரம் சூடாகும், லைனிங் இன்னும் வேகமாகத் தேயும்.

சரியான வரிசை இது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கி கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. லிவரை முழுதாக இறக்கி, கேபிளைத் தளர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூவைச் சரிசெய்யும் திருகை, சக்கரம் லேசாக உரசும் வரை முறுக்கி, தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். கால் பிரேக்கைச் சில தடவை மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வைத்த பிறகுதான் கேபிள் நட்டுக்குப் போக வேண்டும். லிவர் எத்தனை பல் ஏறியதும் பிடிக்க வேண்டும் என்பது அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். இழுத்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். இறக்கினால் இரண்டும் உரசாமல் சுற்ற வேண்டும்.

கேள்வி: ஒரு சக்கரம் பிடிக்கிறது, இன்னொன்று கண்டுகொள்வதே இல்லை?

பதில்: அந்தப் பக்கத்துக் கேபிள் இறுகியிருக்கலாம், அல்லது லைனிங் நனைந்திருக்கலாம். டிரம்மைக் கழற்றினால் தெரிந்துவிடும். வீல் சிலிண்டர் கசிந்தால் பிரேக் ஆயில் வரும். பின்சக்கரத்தால் ஓடும் அம்பாசடரில் ஆக்ஸில் சீல் போனாலும் எண்ணெய் உள்ளே வரும். மாருதி 800 முன்சக்கரத்தால் ஓடுவது, அதில் இந்தச் சந்தேகம் வேண்டாம். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது பயனில்லை. கசிவை அடைத்து, இருபக்க ஷூக்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கேள்வி: ஊருக்குப் போய்விட்டு வந்தால், லிவரை இறக்கியும் கார் நகர மாட்டேன் என்கிறது.

பதில்: ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடுங்கினால் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்துவிடும். மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். விடவில்லை என்றால் டிரம்மைச் சுற்றித் தட்டிக் கழற்ற வேண்டும். நாள்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது மாவட்டம் முழுதும் வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. அதில் முங்கிய காரின் டிரம்மை இதுவரை திறக்கவில்லை என்றால், இந்த வாரமே திறந்து பாருங்கள்.

கேள்வி: கேபிளுக்கு எண்ணெய் விட்டால் போதாதா?

பதில்: போதாது. இழை அறுந்த, துருவேறிய கேபிளை மாற்றத்தான் வேண்டும். டிரம் பக்கம் எண்ணெய் போகவே கூடாது.

கேள்வி: சமதரை ஊரில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் சமாளிக்க முடியாதா?

பதில்: மேம்பாலச் சரிவு இங்கேயும் உண்டு; அதே கார்தான் கொடைக்கானலுக்கும் போகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, ஓட்டுநர் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் விடும்போது என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு வழியிலோ அது தானாக நகராதபடி செய்ய வேண்டும் என்கிறது. ஓடும்போது கால் பிரேக் திடீரென்று போனால், கையில் மிஞ்சுவதும் இந்த லிவர்தான். அது பிடிக்காத காரைச் சரிசெய்யும் வரை வெளியே எடுக்காதீர்கள்.