முப்பது ‘வரை’

கேள்வி: மாதம் 399 ரூபாய்க்கு வீட்டுக்கு ஃபைபர் இண்டர்நெட் என்கிறார்களே, நம்பலாமா?
– ஒரு வாசகி, நொச்சிக்குப்பம்

பதில்: தாராளமாக நம்பலாம், கையில் 471 ரூபாய் வைத்துக்கொண்டு. 18 சதவீத ஜிஎஸ்டி பொடி எழுத்தில்தான் வரும்!

ஆனாலும் மலிவுதான். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ தொடங்கியபோது 500 ரூபாய்க்குக் கிடைத்தது 256 கேபிபிஎஸ். 2004-ஆம் வருடத்து அரசுக் கொள்கைப்படி அந்த வேகத்துக்கே ‘பிராட்பேண்ட்’ பட்டம். 2020-இல் ஜியோ 399-க்கு 30 எம்பிபிஎஸ் என்றது. விலை இறங்கி, வேகம் நூறு மடங்குக்கு மேல் ஏறியது. பாலுக்கும் பெட்ரோலுக்கும் இப்படியொரு போட்டி வந்தால் மாதக் கடைசி என்பதே இருக்காது.

கேள்வி: ‘அன்லிமிடெட்’ என்றால் எவ்வளவு?
– அதே வாசகி

பதில்: அந்த ஜியோ திட்டத்தில் மாதம் 3,300 ஜிபி. அதுவரை அளவே கிடையாது. அதற்கப்புறம் வேகம் கிடையாது.

இன்னொன்று. 30 என்பது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 3.75 எம்பிதான் இறங்கும். அதுவும் ‘30 வரை’. லூப் ரோடு மார்க்கெட்டில் ‘ஒரு கிலோ வரை’ என்று வஞ்சிரத்தை நிறுத்துப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று!