ரப்பர் பாயும் மார்கழி இருட்டும்

மருமோன், நீர் யோகாப் பாய் வாங்கின கதை ஈஸ்ட்ஹாம் முழுக்கத் தெரியும். அக்கா ரெலிபோன் வைச்சிருக்கிறதே உம்மடை புதினம் சொல்லத்தானே. எழுபது பவுணுக்கு ஒரு ரப்பர் பாய், குந்தி இருக்க ஒரு வட்ட மெத்தை, அதுக்கு மேலை மாசக் காசு கட்டி போனிலை ஒரு ஆப். அதிலை ஒரு வெள்ளைக்காரன் வந்து, மூச்சை இழுங்கோ, மூச்சை விடுங்கோ எண்டு சொல்லுறானாம். ஒருநாளைக்குக் காசு கட்ட மறந்துபோனீரெண்டால் என்ன நடக்குமோ எண்டுதான் எனக்குப் பயம்.

கோவிக்காதையும். ஐப்பசி பிறந்தால் உமக்கு முகம் கறுக்கும். கார்த்திகையிலை ரெலிபோன் எடுக்கமாட்டீர். மார்கழியிலை சோபாவிலை போர்வைக்குள்ளை கிடப்பீர். மாசி கடைசியிலை தலையை நீட்டி, "மாமா, எப்பிடிச் சுகம்?" எண்டுவீர். வருசா வருசம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். இந்த முறை மனத்திடம் பழகப் போறீராம், எட்டுக் கிழமைக் கோர்ஸாம். போம், நல்லாப் போம். கட்டின காசை விடப்படாது. ஆனால் கிழவன் சொல்லுறதையும் ஒருக்காக் கேளும். எனக்குக் காசு வேண்டாம், ஒரு நேரச் சாப்பாடு போட்டால் போதும்.

முதலாங் கிழமை உம்மடை கையிலை ஒரேயொரு முந்திரிகை வத்தலைத் தருவினம். பாரும் எண்டுவினம், பார்ப்பீர். மணந்து பாரும், காதுக்குக் கிட்டப் பிடியும், நாக்கிலை வையும், இன்னும் கடியாதையும் எண்டுவினம். சின்னனிலை பொங்கலுக்கெண்டு கொம்மா ஒளிச்சு வைச்ச பேணிக்குள்ளை கையை விட்டு பிடி பிடியா விழுங்கின ஆள் நீர். அண்டைக்கே ஒவ்வொண்டாத் திண்டிருந்தால் இண்டைக்கு இந்தச் செலவு வந்திராது.

பகிடியை விடுவம். உந்த மூச்சைக் கவனிக்கிற பயிற்சியைத் தொடங்கினவை விசரர் இல்லை. 1979-இலை அமெரிக்காவிலை, மசாசூசெற்ஸ் மருத்துவக் கல்லூரியிலை, ஜோன் கபட்-சின் எண்டவர் நாட்பட்ட நோவோடை அலைஞ்ச ஆக்களுக்கெண்டு துவங்கினது. பிறகு மார்க் வில்லியம்ஸ், ஜோன் ரீஸ்டேல், சின்டல் சீகல் எண்ட மூண்டு பேர் அதை எடுத்து, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வாற ஆக்களுக்கு ஏற்றமாதிரி மாத்தினவை. மூண்டு தரம் அல்லது அதுக்கு மேலை விழுந்தெழும்பின ஆக்களுக்கு அதைக் குடுக்கலாம் எண்டு இங்கத்தைய வைத்திய வழிகாட்டி அமைப்பான நைஸ் 2004-இலையே சொல்லிப்போட்டுது. வருத்தக்காரருக்கு அது மருந்துதான். உமக்கும் கிழமைக் கணக்கா நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடை இருந்து என்ன எண்டு நினைப்பு வந்தால், என்னட்டையும் வராதையும், ஆப்பிட்டையும் போகாதையும். நேரை டொக்ரரிட்டைப் போம். அதிலை எனக்குப் பகிடி கிடையாது.

ஆனால் வருத்தம் இல்லாத பிள்ளையளுக்கும் அதை ஊத்திப் பார்த்தவை, தெரியுமோ? இந்த நாட்டிலை 85 பள்ளிக்கூடம், 11 தொடக்கம் 14 வயசு வரைக்கும் 8,000 பிள்ளையளுக்கு மேலை. 2022-இலை முடிவு வந்தது. வழமையாப் பள்ளிக்கூடத்திலை நடக்கிற பாடத்தை விட ஒரு இம்மியும் கூடப் பலனில்லை. பெடியள் வீட்டை போய் அதைப் பழகினதே குறைவாம். கண்ணை மூடு எண்டு ரீச்சர் சொல்ல மூடுவாங்கள், ரீச்சர் அங்காலை திரும்பத் திறப்பாங்கள். நீர் மட்டும் என்ன திறமோ?

உம்மடை வருத்தம் எனக்குத் தெரியும். உமக்குச் சூரியனோடைதான் சண்டை. யாழ்ப்பாணத்திலை சூரியன் கந்தோர்க் கிளாக்கர் மாதிரி. ஆறு மணியளவிலை வருவார், ஆறு மணியளவிலை போவார். வருசம் முழுக்கப் பார்த்தாலும் பகலிலை ஒரு மணித்தியாலந்தான் கூடிக் குறையும். இங்கை லண்டனிலை ஆனி 21-இலை விடிய நாலே முக்காலுக்கு முன்னம் வந்து, இரவு ஒன்பது இருபதுக்குத்தான் போறார். மார்கழி 21-இலை எட்டு மணி கழிஞ்சு எட்டிப் பார்த்து, நாலு மணிக்கு முன்னம் ஓடிவிடுவார். எட்டு மணித்தியாலம் கூட முழுசா இல்லை. நட்ட நடு மத்தியானத்திலையும் அடிவானத்திலை இருந்து 15 பாகைதான் ஏறுவார். ஆனிக்கும் மார்கழிக்கும் இடையிலை பகலிலை கிட்டத்தட்ட ஒன்பது மணித்தியாலம் இடிக்குது. நீர் எண்டால் இரண்டு மாசத்திலையும் பதினொண்டுக்குப் படுத்து ஏழுக்கு எழும்பி, அதே வேலையை அதே ஓட்டத்திலை ஓடப் பார்க்கிறீர். ஓட ஏலாமல் போனால், என்னட்டை மனத்திடம் காணாது எண்டு அழுகை.

உரும்பிராய்ச் செம்மண்ணிலை நாங்கள் தோட்டம் செய்த காலத்திலை கோடை எண்டால் இறைப்பு. வெள்ளாப்போடை எழும்பவேணும். அப்புவும் சித்தப்பாவும் துலா மிதிப்பினம், கீழை ஒராள் பட்டை பிடிப்பார், நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறுவன். ஒரு பாத்தி நிரம்ப மண்வெட்டியாலை வாயை அடைச்சு அடுத்ததைத் திறக்கவேணும். ஒரு கணம் வாய் பார்த்துக்கொண்டு நிண்டால் வரம்பு உடைஞ்சிடும், அப்புவின்ரை வாயும் திறந்திடும். கவனத்தை ஓரிடத்திலை வைச்சிருக்கிறதுக்கு எனக்குக் கிடைச்ச கோர்ஸ் அதுதான். மாரி விழுந்தால் துலா நிக்கும். புழுக்கொடியலைக் கடிச்சுக்கொண்டு விறாந்தையிலை இருந்து ஊர்க்கதை கதைப்பம். கோடையிலை இருந்த உற்சாகத்தைக் காணேல்லை எண்டு ஒருத்தரும் பரியாரியிட்டைப் போகேல்லை. மாரிக்கு மாரி வேலை, கோடைக்குக் கோடை வேலை. உமக்கு ரெண்டுக்கும் ஒரே கலண்டர்.

மணிக்கூடு மாத்துற கதையையும் சொல்லுறன். சிசில்ஹேர்ஸ்ற் பக்கத்திலை வில்லியம் வில்லெற் எண்டு ஒரு வீடு கட்டுற மனுசன் இருந்தவர். விடியக் குதிரையிலை போகேக்கை, நல்லா வெயில் எறிச்ச பிறகும் சனம் யன்னலைச் சாத்திப்போட்டுப் படுத்திருக்குதே எண்டு அவருக்கு எரிச்சல். 1907-இலை ஒரு சின்னப் புத்தகம் அடிச்சு விட்டார். சித்திரையிலை நாலு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு ஞாயிறும் 20 நிமிசமா மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவம், புரட்டாதியிலை அதே கணக்கிலை பின்னுக்கு எடுப்பம் எண்டார். உடம்பு தெரிஞ்ச மனுசன். பாவம், 1915-இலை செத்துப்போனார். அடுத்த வருசம் சட்டம் வந்தது, ஆனால் 20 நிமிசக் கணக்கை விட்டுப்போட்டு ஒரே அடியா ஒரு மணித்தியாலம் ஆக்கிப்போட்டாங்கள். அந்த அடிதான் ஐப்பசிக் கடைசி ஞாயிறு உம்மடை தலையிலை விழுகுது. ஆர் உம்மை மறிச்சது? ஐப்பசி பிறக்கவே படுக்கிற நேரத்தையும் எழும்புற நேரத்தையும் சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தும். அரசாங்கம் கேக்காத புத்தியை நீர் கேட்டால் வில்லெற்றின்ரை ஆத்துமா சாந்தியடையும்.

வெளிச்சத்தைத் தேடிப் போக ஆப் தேவையில்லை. தென்னாபிரிக்காவிலை இருந்து அமெரிக்காவுக்குப் போன நோர்மன் ரோசன்தால் எண்ட டொக்ரர், அங்கத்தைய பனிக்காலத்திலை தானே வாடிப்போய், 1984-இலை அதுக்கு நோயெண்டு ஒரு பேரும் வைச்சு வெளிச்சத்தாலை வைத்தியமும் செய்தவர். இப்ப 10,000 லக்ஸ் வெளிச்சப் பெட்டி கடையிலை விக்குது. அதையும் வாங்கிப்போடாதையும், முதல் கதவைத் திறவும். முகில் மூடின சாம்பல் வானமெண்டாலும் உம்மடை அறை லைற்றை விட வெளியிலை பல மடங்கு வெளிச்சம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை கொம்பியூட்டருக்கு முன்னாலை சான்விச் திண்ணாமல், கோட்டைப் போட்டுக்கொண்டு ஈஸ்ட்ஹாம் சென்றல் பார்க்கைச் சுத்தி வாரும். நான் அங்கைதான் நிப்பன், குரங்குத் தொப்பியோடை. வைற்றமின் டி-யும் எடும். இலைதுளிர் காலம் வரைக்கும் நாளுக்கு 10 மைக்கிரோகிராம் எடுக்கச் சொல்லி அரசாங்கமே சொல்லுது. எங்களைப்போலை கறுத்த தோல்காரரை வருசம் முழுக்க யோசிக்கச் சொல்லுது. எழுபது பவுண் பாய்க்காரனுக்கு அந்தச் சின்னக் குளிசைப் போத்தல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

யோகா பிழையெண்டு நான் சொல்லேல்லை. 1952-இலை பம்பாயிலை வயலின்காரர் யெஹூதி மெனூஹின் யோகா ஆசிரியர் பி. கே. எஸ். ஐயங்காரைக் கண்டு, ரெண்டு வருசத்தாலை சுவிசுக்குக் கூப்பிட, அந்த வழியாலைதான் ஐயங்கார் லண்டனுக்கும் வந்தவர். அறுபதுகளின்ரை கடைசியிலை லண்டன் கல்வி அதிகாரசபை அவரின்ரை யோகாவைப் பின்னேர வகுப்பிலை சேர்க்க ஓமெண்டது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆசனமும் பிராணாயாமமும் மட்டும் படிப்பியுங்கோ, தத்துவம் வேண்டாம் எண்டவை. சாமியைக் கேற்றடியிலை நிப்பாட்டிப்போட்டு உடம்பை மட்டும் உள்ளை விட்ட கெட்டித்தனத்தைப் பாரும். அதோடை ஒரு குறை எனக்கிருக்கு. 2014 மார்கழியிலை ஐ.நா. சபை யோகா தினமெண்டு ஆனி 21-ஐத் தெரிஞ்செடுத்தது. லண்டனிலை சூரியன் போகமாட்டன் எண்டு நிக்கிற நாள் அது. அண்டைக்கு ஆருக்கு மருந்து வேணும்? மார்கழி 21-இலை வைச்சிருந்தால் நான் கொடி பிடிச்சிருப்பன்.

நானும் வகுப்புக்குப் போறனான், சிரியாதையும். சமூக மண்டபத்திலை கிழடுகளுக்குக் கதிரை யோகா. படிப்பிக்கிறது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, தங்கமான பிள்ளை. கதிரை முதுகைப் பிடிச்சுக்கொண்டு ஒத்தைக் காலிலை நிக்கவேணும். என்னோடை வாற பஞ்சாபிக் கிழவர் நிக்கேக்கை வாகே குரு, வாகே குரு எண்டுவார், நான் முருகா எண்டுவன், எங்களுக்குப் பின்னாலை ஜமேக்காக்கார அம்மா ஜீசஸ் எண்டுவா. கடைசியிலை கண்ணை மூடி உடம்பைக் கவனியுங்கோ எண்டு பிள்ளை சொல்லும். ஹீற்றர் கணகணவெண்டு எரியும். ரெண்டு நிமிசத்திலை அரைவாசி மண்டபம் குறட்டை. பிறகு தேத்தண்ணி, பிஸ்கற், அரை மணித்தியாலம் வருத்தப் பட்டியல். உண்மையைச் சொன்னால் அந்தத் தேத்தண்ணிக்குத்தான் நாங்கள் எல்லாரும் மழைக்குள்ளாலையும் போறம். ஆனாலும் அறுபத்தைஞ்சு கடந்த ஆக்கள் கிழமையிலை ரெண்டு நாளெண்டாலும் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் ஏதும் செய்யவேணும் எண்டு டொக்ரர்மார் சொல்லுறது சரிதான். நிலம் உறைஞ்ச அண்டைக்கு விழாமல் பால் வாங்கிக்கொண்டு வீட்டை வந்தனான்.

மனசுக்கு வழி காட்ட எங்கடை ஊரிலையும் ஆக்கள் இருந்தவை. நல்லூர்த் தேரடியிலை செல்லப்பா சுவாமி இருந்தவர். சனம் விசரன் எண்டது. அவரிட்டைப் படிச்ச யோகர் சுவாமி கொழும்புத்துறையிலை இலுப்பை மரத்தடியிலை இருந்தவர். போன ஆக்களுக்கு நல்ல ஏச்சும் விழும், ஏச்சு வாங்கினவை சந்தோசமா வீட்டை வருவினம். ரெண்டு பேரும் இண்டைக்கு லண்டனிலை இருந்திருந்தால் அவையைக் கொண்டும் ஆப் செய்விச்சிருப்பியள். ஏச்சுக்குத் தனிக் கட்டணம்.

இன்னொண்டு பாரும். நவராத்திரி முடிய கேதாரகௌரி, அது முடியக் கந்தசட்டி, பிறகு பிள்ளையாருக்குப் பெருங்கதை 21 நாள், அதுக்குப் பிறகு திருவெம்பாவை பத்து நாள், கடைசியிலை தைப்பொங்கல். லண்டனிலை இருட்டுக் கூடக் கூட எங்கடை கலண்டரிலை விளக்கும் கூடிக்கொண்டு போகுது. எங்கடை முப்பாட்டன்மாருக்கு லண்டன் பனி தெரிஞ்சு அப்பிடி வைச்சவை எண்டு நான் கயிறு திரிக்கமாட்டன். தற்செயலா வந்து பொருந்தினதுதான். ஆனால் பொருந்தினதை ஏன் விடுவான்? விடிய எழும்பவேணும், தோயவேணும், வெளிக்கிட்டு ஆக்களுக்குள்ளை போகவேணும், நாலு பேரோடை சேர்ந்து வாய்விட்டுப் பாடவேணும், பிரசாதத்துக்கு வரிசையிலை நிக்கவேணும். நாட்டிலை திருவெம்பாவை பத்து நாளும் விடியச் சங்கும் சேமக்கலமுமாப் பெடியள் வந்து எழுப்புவாங்கள். இங்கை சங்கு ஊதினால் பக்கத்து வீட்டுக்காரன் பொலிசுக்கு அடிப்பான், அதாலை நான் ரெலிபோன் அடிப்பன்.

கோர்ஸ் எட்டுக் கிழமையும் முடிச்சுப்போட்டு வாரும், குறுக்கை நிக்கேல்லை. திருவெம்பாவை கன வருசங்களிலை நத்தாரோடை சேர்ந்துதான் வரும். நத்தார் அண்டைக்கு லண்டனிலை பஸ்ஸும் இல்லை, ரெயினும் இல்லை. விடிய ஐஞ்சு மணிக்குக் காரைக் கொண்டுவந்து வாசலிலை நில்லும். ஹீற்றரை முதலே போட்டு வையும். பின் சீற்றிலை மூண்டு கிழவியள் ஏறுவினம், மூண்டு பேரும் மணிப்பர்சை மடியிலை வைச்சுக்கொண்டு இருப்பினம். அவைக்கு முன்னாலை மூச்சை எண்ணுற கதை மட்டும் எடுத்துப்போடாதையும். மனர் பார்க் கோயிலுக்குப் போய்ச் சேர முன்னம் உம்மடை சம்பளத்தையும் கேட்டு, பொம்பிளையும் பார்த்து முடிச்சிடுவினம்.