கேட்டால் என்ன?

கல்லூரி மாணவி, திருநெல்வேலி
கே: வகுப்பில் சந்தேகம் கேட்க எழுந்தாலே பின் பெஞ்சில் சிரிப்பு. "இதுகூடத் தெரியாதா?" என்கிறார்கள். கேள்வி கேட்பது நம்மை முட்டாளாகக் காட்டிவிடுமா?

ப: காட்டாது. உங்களைப் போல எழுந்து நின்ற ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 1963. இன்றைய தான்சானியா. பள்ளியில் பையன்கள் பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து ஐஸ்கிரீம் செய்வார்கள். ஆறவைத்த பிறகுதான் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அன்று ஃப்ரீசரில் இடத்துக்குப் போட்டி. இடம் போய்விடுமே என்று எராஸ்டோ எம்பெம்பா சூடாகவே கொண்டுபோய் வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அவனுடையது உறைந்திருந்தது. பாலைக் காய்ச்சாமலே வைத்த இன்னொரு பையனுடையது இன்னும் கூழாகத்தான் இருந்தது.

ஏன் என்று ஆசிரியரைக் கேட்டான். நீ எதையோ குழப்பிக்கொண்டாய், அப்படி நடக்காது என்றார். மேல்வகுப்புக்கு வேறு பள்ளி போனான், அங்கும் கேட்டான். அது உலகத்து இயற்பியல் இல்லை, எம்பெம்பாவின் இயற்பியல் என்று பதில் வந்தது. அதன்பிறகு அவன் எதில் தப்பு செய்தாலும் வகுப்பே அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தது.

ஒருநாள் தாருஸ் ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்த டெனிஸ் ஆஸ்போர்ன் அந்தப் பள்ளிக்குப் பேச வந்தார். எம்பெம்பா மறுபடி எழுந்தான். ஒரே அளவு தண்ணீர், ஒன்று 35 டிகிரி, இன்னொன்று 100 டிகிரி. சூடானது முதலில் உறைகிறதே, ஏன்? கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்னுக்கும் நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் செய்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் செய்து பார்க்க ஏற்பாடு செய்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. எப்போது அப்படி நடக்கும், உண்மையிலேயே நடக்கிறதா என்று விஞ்ஞானிகள் இன்றுவரை வாதாடுகிறார்கள். அந்த நிகழ்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எம்பெம்பா விளைவு. வகுப்பில் கேலிக்குச் சொன்ன அதே பெயர். நீங்கள் எழுந்து கேளுங்கள் அம்மா.

ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம்
கே: முப்பது வருடம் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். ஒரு பிள்ளையும் வாய் திறந்ததில்லை. ஏன்?

ப: கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் ஐயா? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, அவர்களாகக் கேட்கும் கேள்விகளும் கூடின. தவிர, "சந்தேகம் இருக்கா?" என்பதற்கு "இல்ல சார்" என்ற ஒரே ராகப் பதில் நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. "எந்த இடம் குழப்புது?" என்று கேட்டால் அந்த ராகம் செல்லாது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை
கே: முட்டாள்தனமான கேள்வி என்று ஒன்று உண்டா, இல்லையா?

ப: வினா ஆறு வகை என்று நன்னூலில் படித்திருப்பீர்கள். முதல் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவினா: கேட்பவருக்கு விடை தெரியும். அறியாவினா: தெரியாது, அதனால்தான் கேட்கிறார். ஆசிரியர் எழுப்பிக் கேட்பது, வினாத்தாளில் வருவது எல்லாம் முதல் வகை. பன்னிரண்டு வருடம் ஒரு பிள்ளையின் காதில் விழுவது பெரும்பாலும் அதுதான். தெரியாது என்றால் மதிப்பெண் போகும், சில இடங்களில் முதுகிலும் விழும். அப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தன் அறியாவினாவை வாய்விட்டுக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது போல ஆகிவிடுகிறது. நம் பிள்ளைகள் மந்தம் இல்லை, பயந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அதே நன்னூல், வினாவுவதை மாணவனின் கடமைகளில் ஒன்றாகவே சேர்த்து, இவற்றைக் கடைப்பிடித்தால் அறியாமை பெரிதும் விலகும் என்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தது.

உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: உண்டு. விடையைக் காதில் வாங்கும் எண்ணமே இல்லாமல், தன் படிப்பைச் சபைக்குக் காட்டக் கேட்பது.

தமிழாசிரியை, யாழ்ப்பாணம்
கே: திருக்குறளின் 'கேள்வி' அதிகாரம் கேள்வி கேட்கச் சொல்கிறதா?

ப: இல்லை. அது கற்றவர் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பதைப் பற்றியது. ஆனால் வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது நம் மொழி. அதிகார வரிசையையும் பாருங்கள்: 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை.

செவிலியர், கோயம்புத்தூர்
கே: பெரிய டாக்டர் சொன்ன மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்கலாமா? மரியாதைக் குறைவாக நினைப்பாரே?

ப: கேட்டே ஆக வேண்டும். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு விமான நிலையம். ஓடுபாதையில் கடும் மூடுபனி. கேஎல்எம் விமானத்தின் கேப்டன், புறப்பட அனுமதி வரும் முன்பே விமானத்தைக் கிளப்பிவிட்டார். அவர் அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர். பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்கு ரேடியோவில் கேட்டதை வைத்துச் சந்தேகம். எதிரே இருக்கும் பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். இன்ஜினியர் அதற்குமேல் கேட்கவில்லை. சில நொடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் விமான நிறுவனங்கள், இளையவர் தயங்காமல் சொல்லவும் கேப்டன் காதுகொடுக்கவும் பயிற்சி தரத் தொடங்கின. நீங்கள் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், பத்து மில்லிகிராமா, ஒரு மில்லிகிராமா? ஒருதரம் உறுதி பண்ணிக்கறேன்." பதில் தெளிவாக இல்லையா, இரண்டாம் தரமும் கேளுங்கள். படுக்கையில் இருப்பவரால் கேட்க முடியாது.

இல்லத்தரசி, நாகர்கோவில்
கே: டாக்டர் வேகமாகச் சொல்கிறார். பாதி புரியவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ப: என் அம்மாவும் கூச்சப்பட்டார். இரண்டு இடத்தில் வைத்தியம்; இரண்டு சீட்டில் ஒரே சர்க்கரை மாத்திரை, கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. நாலு நாள் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு அடுப்படியில் மயங்கி விழுந்தார். "ஏம்மா கேக்கல?" என்றால், "அவ்ளோ பெரிய டாக்டரைப் போய்க் கேள்வி கேப்பாங்களா?" என்கிறார். நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இது எதற்கு, எப்போது சாப்பிட, எத்தனை நாள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு சேருமா.

விவசாயி, மன்னார்குடி
கே: தகவல் கேட்டு மனு கொடுக்கப் போனால் "உனக்கு எதுக்கு அது?" என்கிறார்கள்.

ப: அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(2): மனு செய்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள்.

தாத்தா, சேலம்
கே: நாலு வயசுப் பேத்தி நாள் முழுக்க "ஏன், ஏன்" என்கிறாள். எனக்குப் பதில் தெரிவதில்லை.

ப: "தெரியலையே கண்ணு, வா பாக்கலாம்" என்பதும் பதில்தான். 1943இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்வின் லேண்ட் விடுமுறையில் தன் மூன்று வயது மகளைப் படம் பிடித்தார். எடுத்த படத்தை இப்பவே ஏன் பார்க்க முடியாது என்று அவள் கேட்டாள். அவருக்கும் பதில் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே நடந்தார். எடுத்த இடத்திலேயே படத்தைத் தரும் அவருடைய போலராய்டு கேமரா 1948இல் கடைக்கு வந்துவிட்டது.

வாசகர், புதுச்சேரி
கே: நீங்கள் கடைசியாக யாரிடம் என்ன கேட்டீர்கள்?

ப: போன வாரம், மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம். "நியூட்ரல்னு சொல்றீங்களே தம்பி, அப்படின்னா என்ன?" என்று கேட்டேன். ஏணியிலிருந்து இறங்கினார். கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் படம் போட ஆரம்பித்தார். மின்விசிறி மாட்டப் பத்து நிமிடம் ஆனது. படம் போட்டு முடிக்க அரைமணி ஆனது.